ஜமாய் சஷ்டி அன்று சபாநாயகர் வீடு தேடிப் போன கதை

11 ஜூன் 2024, செவ்வாய் – கொல்கத்தா

காலை ஒன்பதரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழை இன்னும் தென்வங்காளத்துக்கு வந்து சேரவில்லை, இப்போதைக்குப் பேப்பரில் மட்டும்தான் பெய்கிறது. தர்மதலாவில் இறங்கி ஹைகோர்ட் பக்கமாக நடந்து, சட்டமன்றக் கட்டடத்தின் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். உள்ளே போக முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை, முழுக்க என் சோம்பேறித்தனம். காவலுக்கு நின்றவர் தன்மையாகத்தான் பேசினார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சென்னை."

"சட்டசபையைப் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டு, பாவம் வழி தவறிவிட்டான் என்கிற மாதிரி, "விக்டோரியா மெமோரியல் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.

ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு நாட்களில் பழைய புத்தக ஸ்கேன்களை மேய்ந்துகொண்டிருந்தபோது 1939-ல் கொல்கத்தாவில் வந்த ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. 'தி மேன் பிஹைண்ட் தி ப்ளவ்' என்று பெயர், ஏர் பிடிக்கிறவனைப் பற்றியது. வங்காள விவசாயியின் நிலம், குத்தகை, கடன் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எழுதியவர் யாரென்று பார்த்தால் அப்போதைய வங்காள மாகாண சட்டமன்றத்தின் சபாநாயகர், அஜீஸுல் ஹக். சபாநாயகர் என்றால் நமக்கு என்ன தெரியும்? 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்பார், மிஞ்சினால் காவலரைக் கூப்பிடுவார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு விவசாயி கடனைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறாரே என்று பிடித்துப்போய், நூறு பக்கம் போல பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கட்டு இப்போது பையில் இருக்கிறது. இவருடைய ஊர் சாந்திப்பூர், தொழில் பார்த்தது கிருஷ்ணநகர், பதவி இந்தக் கேட்டுக்கு உள்ளே. மூன்றையும் ஐந்து நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம். வீட்டில், டார்ஜிலிங் போகிறவர்கள்கூட இவ்வளவு சந்தோஷமாகக் கிளம்ப மாட்டார்கள் என்றார்கள்.

கட்டடம் 1931-ல் திறந்தது. 1937-ல் மாகாண சுயாட்சி வந்து தேர்தல் நடந்து, 250 பேர் கொண்ட கீழ்சபை இங்கே கூடியது. பஸ்லுல் ஹக் பிரதமர் (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள்), அஜீஸுல் ஹக் சபாநாயகர். இரண்டு ஹக்குகளும் வேறு வேறு ஆட்கள். இதை நான் இந்தப் பயணம் முழுக்க எல்லோருக்கும் சொல்லவேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

எதிர்ப்பக்க நிழலில் நின்று எலுமிச்சை டீ குடித்தேன். கறுப்பு உப்பு போட்டது, மண் குவளையில், பத்து ரூபாய். டீக்காரரிடம் உள்ளே நடந்த சண்டைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் நேற்றைய சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறார். எனக்கு வேண்டியது 1945. அஜீஸுல் ஹக் 1942-ல் போனபின் அடுத்த ஆண்டு அந்த நாற்காலிக்கு வந்தவர் சையத் நவ்ஷேர் அலி, நரைல் பக்கத்துக்காரர், வக்கீல். 1945 மார்ச் 28 அன்று விவசாய மானியக் கோரிக்கையில் அப்போதைய பிரதமர் நாஜிமுதீனின் அரசு 97க்கு 106 என்று தோற்றது. மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து அடுத்த கோரிக்கையை எடுக்கலாம் என்று அமைச்சர்கள் நினைத்திருக்க, பட்ஜெட்டில் தோற்ற அமைச்சரவை இனி அமைச்சரவையே இல்லை என்று நவ்ஷேர் அலி தீர்ப்புச் சொல்லி, தேதி குறிப்பிடாமல் சபையை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கவர்னர் கேஸி 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தின் 93-ஆவது பிரிவில் ஆட்சியைத் தன் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. 1967 நவம்பரில் அதே சபையில் இன்னொருவர், விஜய் குமார் பானர்ஜி. ஐக்கிய முன்னணி அரசை ஆளுநர் தர்மவீரா கலைத்தது செல்லாது, புது அமைச்சரவையும் செல்லாது என்று சொல்லி அவரும் ஒத்திவைத்தார். ஆக, பூட்டுப் போட்டவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து வருஷம் ஒழுங்காகத் திறந்துவைத்து நடத்தியவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. என் ஆளுக்கு நடந்தது இதுதான் என்று ஒரு சந்தேகம்.

மத்தியானம் டேக்கர்ஸ் லேனில் சிக்கன் ஸ்டூ, டோஸ்ட். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மிளகும் பப்பாளிக்காயும் போட்டு, காய்ச்சல்காரனுக்கு வைக்கிற மாதிரி இருந்தது. அந்த வெயிலில் அதுதான் சரி. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர், நான் இலவசமாகக் கிடைத்த வெங்காயத்தைத் தொடவில்லை என்று தெரிந்ததும் என்னைக் கேட்காமலே எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

12 ஜூன், புதன் – சாந்திப்பூர்

இன்று ஜமாய் சஷ்டி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹோட்டல் பையன்கூட நேற்று ராத்திரி சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளைகளை மாமியார்கள் அழைத்து விருந்து போடும் நாள். சியால்தாவில் சாந்திப்பூர் லோக்கல் பிளாட்பாரத்துக்கு வந்தபோது பாதி வங்காளம் மாப்பிள்ளையாக வேஷம் கட்டிக்கொண்டு நின்றது. புதுப் பைஜாமா, மடிப்புக் கலையாத பஞ்சாபி (குர்தாவுக்கு இங்கே இதுதான் பெயர்), ஒரு கையில் மிட்டாய்ச் சட்டி, இன்னொரு கையில் மாம்பழக் கூடை, சிலரிடம் தயிர்ப் பானை. அதையெல்லாம் நசுங்காமல் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு அவர்கள் பட்ட பாட்டில் என் போன்ற வெறுங்கை ஆட்கள்தான் இடிபட்டோம். இரண்டரை மணி நேரம், அதில் ராணாகாட் வரை நின்றபடி. என் முகத்துக்கு நேரே ஒருவர் இரண்டு ஹில்சா மீன் இருந்த பையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பையிலிருந்து சொட்டியது என் செருப்பில் விழுந்தது. விலை கேட்டேன். கிலோ இரண்டாயிரத்துக்கு மேலே என்று பெருமையும் எரிச்சலும் கலந்த குரலில் சொன்னார். மாமனார் வீட்டுக்குத் தானே மீன் வாங்கிக்கொண்டு போகிற மாப்பிள்ளையா என்று பக்கத்தில் ஒருவர் கேலி பண்ண, பெட்டியே சிரித்தது.

ராணாகாட்டுக்கு அப்புறம் உட்கார இடம் கிடைத்தது. ஃபூலியா தாண்டும்போது ஜன்னல் பக்கம் வாழைத்தோட்டமும் சணலும். வங்காள ராமாயணம் பாடிய கிருத்திவாசர் பிறந்த ஊர் என்று ஃபூலியாவைச் சொல்வார்கள். பிரிவினைக்குப் பின் டாங்காயிலிலிருந்து வந்த நெசவாளர்கள் குடியேறியதும் இங்கேதான்.

சாந்திப்பூர் ஸ்டேஷனில் டோட்டோ பிடித்தேன் (பாட்டரி ரிக்‌ஷாவுக்கு வங்காளம் முழுக்க இதுதான் பெயர்). ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். என்னுடைய உடைந்த இந்தியில், "அஜீஸுல் ஹக் வீடு... ஸ்பீக்கர்... பழைய காலத்து ஸ்பீக்கர்" என்று சொன்னேன். "ஸ்பீக்கர்? வாங்க" என்று உற்சாகமாக ஏற்றிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம், இவ்வளவு சுலபமா என்று. நாலு சந்து திரும்பி வண்டி நின்ற இடம் ஒரு மைக்செட் கடை. வாசலில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் எழுந்து வந்து, "எத்தனை நாளைக்கு வேணும்?" என்றார்.

சரி, இந்த வார்த்தை வேலைக்கு ஆகாது என்று போனில் பார்த்து, சபாநாயகருக்கு வங்காளியில் 'அத்யக்‌ஷ' என்று கண்டுபிடித்து அதைச் சொன்னேன். கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் உடனே தலையாட்டி, கல்லூரி இருக்கும் திசையைக் காட்டினார். கல்லூரி முதல்வருக்கும் அங்கே அதே வார்த்தைதானாம். அப்போது சிரிப்புத்தான் வந்தது, சாயங்காலம் யோசித்தபோதுதான் பெரியவர் ரொம்பத் தப்பாகச் சொல்லவில்லை என்று பட்டது. அஜீஸுல் ஹக் சபாநாயகராக இருந்தபோதே 1938 முதல் 1942 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தவர். அவருக்கு முன்னால் சியாமா பிரசாத் முகர்ஜி, பின்னால் விதான் சந்திர ராய், நடுவில் இவர். ரவீந்திரநாதர் இறந்த 1941 ஆகஸ்டில் அந்த நாற்காலியில் இருந்ததும் இவர்தான். ஒரே ஆள் ஒரே சமயத்தில் சட்டசபையையும் பல்கலைக்கழகத்தையும் பார்த்துக்கொண்டால் எதில் அதிகச் சத்தம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு டோட்டோக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு அவர் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். "தாதா (அண்ணா), நானும் மாப்பிள்ளைதானே" என்றார் கெஞ்சலாக. அதற்கு மேல் என்ன பேச. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சியாம்சந்த் கோயில் பக்கம் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார். 1726-ல் கட்டிய கோயில், முன்னால் பெரிய வெற்றிடம், ஆள் இல்லை, ஒரு நாய் மட்டும் நிழலைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் படுத்திருந்தது.

சாப்பாட்டுக்கு அலைந்தேன். பாதிக் கடை மூடியிருந்தது, மிட்டாய்க் கடைகளில் மட்டும் வரிசை, அங்கேயும் இந்த ஊர் நிகூதி தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாகத் தண்ணீர் கேட்டு நின்றபோது அந்த வீட்டு மாஷிமா (அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) உள்ளே வரச் சொல்லிவிட்டார். கூடத்தில் அவர் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் நூல், முன்னால் பதினொரு கிண்ணம். எண்ணினேன். மாமியார் பனைவிசிறியில் தண்ணீர் தெளித்து வீசிவிடும் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. எனக்கும் ஒரு தட்டு வந்தது: லூச்சி (மைதா பூரி), கடலைப்பருப்பு, மட்டன் குழம்பு, இரண்டு ஹிம்சாகர் மாம்பழம்.

"உனக்கு மாமியார் இல்லையா? இன்னைக்குப் போய் ஊர் சுத்துறே?"

"இருக்காங்க. எங்க பக்கம் இந்தப் பண்டிகை இல்லை."

"அப்போ மாப்பிள்ளைக்கு என்னதான் செய்வாங்க?"

தலை தீபாவளியைப் பற்றிச் சொன்னேன். கல்யாணமான முதல் வருஷம் மட்டும்தான் என்றதும் கூடத்து மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

அவர்களுக்கும் அஜீஸுல் ஹக்கைத் தெரியவில்லை. "பஸ்லுல் ஹக்தானே?" என்றார் மாப்பிள்ளை. இல்லை, இவர் வேறு, உங்கள் ஊரில் 1892-ல் பிறந்தவர் என்றேன். மாஷிமா, எங்களுக்கு இந்த ஊரில் எழுபது வருஷம்தான், அதற்கு முன்னால் அந்தப் பக்கம் என்று கிழக்கே கையை ஆட்டினார். போகும்போது பணம் கொடுக்கப் பார்த்து நன்றாகத் திட்டு வாங்கினேன்.

13 ஜூன், வியாழன் – சாந்திப்பூரிலிருந்து கிருஷ்ணநகர்

ராத்திரி தங்கிய லாட்ஜைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். கரண்ட் போனது, ஜெனரேட்டர் உண்டு என்றவர்கள் டீசல் இல்லை என்றார்கள், ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் நான் வெந்தேன், ஏசி அறை என்று வாங்கிய ஆயிரத்து இருநூறில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

விடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். நெசவாளர் தெருவில் சத்தத்தை வைத்தே கைத்தறியா பவர்லூமா என்று சொல்லிவிடலாம். கைத்தறி மூச்சு விட்டு மூச்சு விட்டுத் தட்டுகிறது, பவர்லூம் நிறுத்தாமல் கத்துகிறது. நான் நடந்த தெருவில் கத்தல்தான் அதிகம். கைத்தறியில் இருந்த ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பார்க்கிறவனுக்கும் ஒரு மோடா (பிரம்பு முக்காலி) போட்டு உட்காரவைத்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார், அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சேலை 1,800 ரூபாய் சொன்னார். பேரம் பேசலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே 1,700 என்றார். வாங்கிவிட்டேன்.

தோப்கானா மசூதிப் பக்கம் போனேன், அவுரங்கசீப் காலத்துக் கட்டடம். திங்கட்கிழமை பக்ரீத், சந்தெல்லாம் ஆடுகள், ஒவ்வொன்றும் கழுத்தில் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரியே உயர்ந்த கவனிப்பில் இருந்தன. டீக்கடையில் ஒரு முதியவர் நான் கேட்டதை நிதானமாகக் கேட்டார். "ஹக்... மொஜம்மெல் ஹக்கா? கவிஞர்?" என்றார். அவரும் இந்த ஊர்க்காரர்தான், வங்காள முஸ்லிம் எழுத்தாளர்களில் மூத்த தலைமுறை. இல்லை காக்கு, அரசியல்வாதி என்றேன். யோசித்துவிட்டு, "சர் பட்டம் வாங்கினவர் ஒருத்தர் இருந்தார்னு அப்பா சொல்லுவார். இங்கே இருந்ததில்லை. படிக்கப் போனவர் போனவர்தான்" என்றார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது இந்த மூன்று வாக்கியம். மோசமில்லை.

உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். சாந்திப்பூரில் படிப்பு, அப்புறம் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரி, சட்டம், அதோடு கிருஷ்ணநகரில் வக்கீல் தொழில். கிளம்பும் முன் தெருமுனையில் ஹிம்சாகர் இரண்டு கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கினேன். நார் இல்லாத பழம், தோலைக் கிள்ளி உறிஞ்சினால் போதும். கொல்கத்தாவில் இதே பழம் இந்த விலைக்கு வராது என்று விற்றவர் சொன்னதை நம்பி அளவுக்கு மீறி வாங்கிவிட்டேன். அதன் பலன் பின்னால் வருகிறது.

கிருஷ்ணநகருக்கு பஸ். இருபது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்டக்டர் என்னை இன்ஜின் மூடிமேல் உட்காரவைத்தார். ஜூன் மாதத்தில். கூரைமேல் ஆறு ஆடுகள் இருந்தன என்பது அவை கத்தியபோதுதான் தெரிந்தது.

14 ஜூன், வெள்ளி – கிருஷ்ணநகர்

இந்த ஊர் மாறுதலாக இருந்தது. பழைய சிவப்புக் கட்டடங்கள், பெரிய மரங்கள், பேசுகிறவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். வங்காளியிலேயே சுத்தமான வங்காளி இந்த நதியா மாவட்டத்து வங்காளிதான் என்று இங்கே ஒவ்வொருவரும் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போகிறார்கள்.

காலையில் மாவட்ட நீதிமன்ற வாசல். டைப்ரைட்டர்காரர்கள், முத்திரைத்தாள் விற்கிறவர்கள், கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் வக்கீல்கள். டீக்கடையில் ஒரு மூத்த வக்கீலிடம் பேச்சுக் கொடுத்தேன். பயணம் தொடங்கி நாலாவது நாள், முதல்முறையாக ஒருவர், "அஜீஸுல் ஹக்கா? இங்கே பிராக்டீஸ் பண்ணினவராச்சே, முனிசிபாலிட்டி சேர்மனாகவும் இருந்தார்" என்று சாதாரணமாகச் சொன்னார். கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கேஸுக்குக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்தார், டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

அவர் பேச்சிலிருந்தும் நான் படித்ததிலிருந்தும் சேர்த்துச் சொல்கிறேன். கடனுக்கு மாட்டிய விவசாயி முதலில் வந்து நிற்கிற இடம் மாவட்டக் கோர்ட்தான். ஜமீன்தார் குத்தகை பாக்கி என்று வழக்குப் போடுவார், மகாஜன் (கடன் கொடுத்தவர்) வட்டிக்கு வழக்குப் போடுவார், இரண்டு பேரும் ஒரே துண்டு நிலத்தைக் கேட்பார்கள். அந்தப் புத்தகத்தில் இருக்கிற விவசாயி இந்த வராந்தாவில் வருஷக்கணக்கில் அவர் பார்த்த ஆள். அதனால்தான் அது துறை அறிக்கை மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். 1934 முதல் 1937 வரை மாகாணக் கல்வி அமைச்சர், அதன்பின் சபாநாயகர்.

1938-ல் அவர் தலைமை வகித்த சபையில்தான் வங்காளக் குத்தகைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அதற்கு முன்னால் குடியானவன் தன் சாகுபடி நிலத்தை விற்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கை 'சலாமி' என்று ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டும். ஜமீன்தார் வேண்டுமென்றால் அந்த நிலத்தைத் தானே முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. திருத்தம் இரண்டையும் ஒழித்தது, குத்தகையை உயர்த்துவதையும் பத்து வருஷத்துக்கு நிறுத்திவைத்தது. 250 பேர் சபையில் 117 முஸ்லிம் தொகுதிகள், ஜமீன்தார்களுக்குத் தனி இடங்கள், ஐரோப்பியர்களுக்குத் தனி இடங்கள், காங்கிரஸ் எதிர்வரிசையில். இதற்கு நடுவே அந்த ஆகஸ்டில் அமைச்சர்கள்மேல் வரிசையாக நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள், வெளியே ஊர்வலங்கள். ஐரோப்பியர் வாக்கில்தான் அமைச்சரவை தப்பித்தது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தலைவலி என்று லீவு போட்டிருப்பேன்.

"ஆனா சார், அவர் ஒருநாளும் சபையைப் பூட்டலை" என்றேன் வக்கீலிடம்.

"அதனாலதான் நீங்க சென்னையிலேருந்து வந்து எங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கு" என்றார். அப்புறம் நவ்ஷேர் அலி பற்றி ஒன்று சொன்னார், எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. நவ்ஷேர் அலி முதலில் பஸ்லுல் ஹக்கின் அமைச்சர். 1938-ல் அவரை வெளியே அனுப்ப நினைத்தார்கள், ராஜினாமா செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்து, அவரை மட்டும் விட்டுவிட்டு மறுபடி பதவியேற்றது. "அப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய் அஞ்சு வருஷம் கழிச்சு சபாநாயகர் நாற்காலியில உட்காரவைச்சா வேற என்ன நடக்கும்?" என்று சிரித்தார். பிரிவினையில் நரைல் கிழக்கே போனது, நவ்ஷேர் அலி போகவில்லை, இந்தியாவில் தங்கி மாநிலங்களவை உறுப்பினரானார். எழுந்திருக்கும்போது வக்கீல் இன்னொன்றும் சொன்னார். பூட்டுவதும் திறப்பதும் இருக்கட்டும், 1958-ல் டாக்காவில் நாற்காலியில் இருந்த துணை சபாநாயகர் ஷாஹேத் அலியைச் சபைக்குள்ளேயே உறுப்பினர்கள் அடித்தார்கள், சில நாளில் செத்துப்போனார். சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சர்பூரியா. பாலாடையை அடுக்கடுக்காக வைத்துச் செய்வது, இந்த ஊர்ச் சொத்து. ஆடையை நெய்யில் பொரித்தால் சர்பாஜா. கால் கிலோ வாங்கி மரத்தடியில் நின்றே தின்றேன், இனிப்பு குறைவு, நெய்வாசம் கைகழுவியபின்னும் போகவில்லை. கடைக்காரர் பெட்டியின் எடையைத் தனியாகக் கழித்துவிட்டுப் போட்டார், இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் கூர்னி. களிமண் பொம்மைத் தெரு. ரவீந்திரநாதர், நேதாஜி, காந்தி, கிருஷ்ணசந்திர ராஜாவின் விகடகவி கோபால் பார் தொப்பையோடு எல்லா அளவிலும். ஒரு கடையில் விரல் நீள விவசாயி ஒருவன், தோளில் ஏர், விலா எலும்புகூடத் தெரிகிறது. இருநூற்றைம்பது. வாங்கிக்கொண்டேன். சபாநாயகர் பொம்மை இருக்கிறதா என்று விளையாட்டுக்குக் கேட்டேன். போட்டோ கொடுத்தால் செய்து தருவேன், பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர், விளையாட்டாக அல்ல.

15 ஜூன், சனி – திரும்பும் ரயிலில்

இன்று கூட்டமில்லை. மாப்பிள்ளைகள் எல்லாம் தின்று முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் சீட். ஜால்முரி (காரப்பொரி) இருபது ரூபாய், கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. நாலைந்து நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த பகுதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

1942-ல் அஜீஸுல் ஹக் லண்டனுக்கு இந்திய ஹை கமிஷனராகப் போனார். அடுத்த வருஷம் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். வணிகத்துறை. அதோடு அந்த 1943-ல் சில மாதங்கள் உணவுத்துறையும் அவர் கையில் இருந்தது. 1943 என்றால் வங்காளத்தில் என்ன வருஷம் என்று சொல்லவேண்டியதில்லை. சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏர் பிடிக்கிறவன் எவ்வளவு கடனில் இருக்கிறான், கையில் எத்தனை மாதத்துக்கு நெல் தங்கும் என்று இந்தியாவில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்த ஒருவர் டெல்லியில் அந்தக் கோப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ராணுவக் கொள்முதல், பர்மா அரிசி நின்றது, படகுகளைப் பறிமுதல் செய்தது, லண்டன் கப்பல் தரத் தயங்கியது, மாகாணத்துக்கு மாகாணம் தானியத்தை அடைத்துக்கொண்டது என்று காரணங்கள் பல. ஒரு ஆளால் அந்தக் கொஞ்ச மாதத்தில் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் சற்றுத் தடுக்கிக்கொள்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதிய ஆள் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்து கத்தியிருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. அவர் செய்யவில்லை. ஆகஸ்டில் உணவுத்துறை இன்னொருவர் கைக்கு மாறியது, அஜீஸுல் ஹக் குழுவில் தொடர்ந்தார். கத்துகிற சுபாவம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. சபையைப் பூட்டாததும் அதே சுபாவம்தானோ என்னவோ.

1946-ல் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார். 1947 மார்ச்சில் கல்கத்தாவில் இறந்தார், ஐம்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஐந்து மாதம் கழித்து ஆகஸ்ட் 14-ல் அவர் பிறந்த சாந்திப்பூரும் தொழில் செய்த கிருஷ்ணநகரும் பாகிஸ்தானில் இருந்தன. கோடு எங்கே என்ற அறிவிப்பு 17-ஆம் தேதி வந்தபின் 18-ஆம் தேதிதான் இந்த ஊர்களில் இந்தியக் கொடி ஏறியது. இப்போதும் இங்கே சிலர் 18-ஆம் தேதியைக் கொண்டாடுகிறார்கள். இருந்திருந்தால் அந்த நாலு நாள் எந்தப் பக்கம் பெட்டி கட்டியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நைஹாட்டியில் ஒரு அம்மா ஏறி, காலை மடக்கு என்று சைகை காட்டினார். மடக்கினேன்.

சியால்தாவில் பையைத் தூக்கும்போதுதான் தொடை ஈரமானது தெரிந்தது. ஹிம்சாகர். மூன்று பழம் நசுங்கி, சாறு சேலைப் பொட்டலத்தைத் தொடாமல், நேராகப் போய் பிரிண்ட் கட்டில் இறங்கியிருந்தது. விவசாயி பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடன் அத்தியாயம் மொத்தமும் மஞ்சள். அறைக்கு வந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே கட்டில் முழுக்கப் பரப்பியிருக்கிறேன், படுக்க இடமில்லை. எறும்பு ஏற்கனவே வரிசை கட்டிவிட்டது. மீதி நாலு பழத்தை இப்போதே தின்று தீர்க்க வேண்டும், காலை விமானம் ஆறரைக்கு.